முட்டையிடப் போகும் வளர்ப்புப் பாம்புக்குப் பெட்டியை எப்படித் தயார் செய்வது?

உங்களுடைய கார்ன் ஸ்நேக் சினையாக இருப்பதாகவும், முட்டையிடும் பெட்டியை எப்போது, எப்படி வைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பலரும் பெட்டியின் அளவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் அதைவிட உள்ளே இருக்கும் ஈரத்தையே முக்கியமாகக் கருதுகிறேன்.

முட்டையிடுவதற்கு முன் பெண் பாம்பு ஒருமுறை சட்டை உரிக்கும். கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக் போன்றவை அதன்பின் பெரும்பாலும் 8 முதல் 14 நாட்களில் முட்டையிடும். பால் பைத்தானுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆகவே, சட்டை உரிப்பதற்கு முன்னோடியாகக் கண்கள் மங்கி நீலம் பூக்கும்போதே பெட்டியை வைத்துவிடுங்கள்.

வெளிச்சம் புகாத, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி போதும். பாம்பு முழுவதுமாகச் சுருண்டு படுக்கவும் திரும்பவும் இடம் இருக்க வேண்டும். நுழைவுத் துளையை, முட்டைகளால் புடைத்த உடல் சிரமமின்றி நுழையும் அளவுக்கு, பக்கச் சுவரின் மேற்பகுதியில் வெட்டி, அதன் விளிம்பை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். கூரான விளிம்பு வயிற்றுச் செதில்களைக் கிழித்துவிடும்.

உள்ளே இடுவதற்கு, ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் என்ற பாசியே நல்லது. அதை நீரில் ஊறவைத்து, இரு கைகளாலும் இறுக்கிப் பிழிந்து, இனி ஒரு சொட்டும் விழாது, ஆனால் தொட்டால் ஈரம் தெரிகிறது என்ற நிலையில் பாதிப் பெட்டிக்கு நிரப்புங்கள். பாம்பு முட்டையின் ஓடு தோல் போன்றது. சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சும், வறண்டால் இழந்து குழிந்துவிடும். நாள்தோறும் விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரைத் தெளியுங்கள். சூடேற்றும் பாயின் மேல் நேரடியாகப் பெட்டியை வைத்தால் அடிப்பாசி விரைவில் காய்ந்துவிடும்.

தண்ணீர்க் கிண்ணத்தையும் சிறியதாக மாற்றிவிடுங்கள். பெட்டி பிடிக்காத பாம்பு சில சமயம் கிண்ணத்திலேயே முட்டையிட்டுவிடும். நீரில் மூழ்கிய முட்டைகள் பிழைப்பது அரிது. இணை சேராத பெண் பாம்பும் கருவற்ற முட்டைகளை இடக்கூடும் என்பதால், குஞ்சு பொரிக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் இந்தப் பெட்டி தேவை.

சில முட்டைகளை இட்டபின் நின்றுபோய், வயிற்றில் புடைப்பு எஞ்சியிருந்தால் அழுத்தி வெளியேற்ற முயலாதீர்கள். ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்லுங்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால், ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் பென்சிலால் ஒரு குறியிட்டு, அந்தப் பக்கம் மாறாமல் எடுத்து அடைகாப்பானுக்கு (இன்குபேட்டர்) மாற்றுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகளைப் பிரிக்க வேண்டாம்.