பன்னிரண்டு கப்பல்கள், ஒரே ஒரு ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரவில் தூங்கும் முன் மகளுக்கு கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசியைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பத்து வயது. ஒற்றைக்கண் அரக்கன், காற்றைக் கட்டிவைத்த பை, ஆட்களைப் பன்றியாக்கும் சூனியக்காரி என்று தினமும் ஆவலாகக் கேட்டாள். கதைத் தலைவன் ஒடிஸ்யூஸ் சொந்த ஊரான இத்தாக்காவில் வந்து இறங்கிய அன்று மட்டும், "கூடப் போனவங்கல்லாம் எங்கப்பா?" என்றாள். எல்லாரும் செத்துப்போயிட்டாங்க என்றேன். "அப்புறம் எப்படி இவரு ஹீரோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என்னிடம் பதில் இல்லை. தன் ஆட்களில் ஒருவரைக்கூட ஊர் சேர்க்காத தலைவனை ஹோமர் எப்படிப் பாட்டுடைத் தலைவனாக்கினார்? கூடவே ஒரு சின்னச் சந்தேகம்: பத்து வருடம் ஆகும் அளவுக்கு அது என்ன அவ்வளவு தூரமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

தூரத்தை முதலில் முடித்துவிடுவோம். போர் முடிந்து ஒடிஸ்யூஸ் ஊர் திரும்பக் கிளம்பிய ட்ராய் இன்றைய துருக்கியின் வடமேற்கு மூலையில், டார்டனெல்ஸ் நீரிணைக்குப் பக்கத்தில் இருந்தது. இத்தாக்கா கிரேக்கத்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அயோனியக் கடலில். தெற்கே மாலியா முனையைச் சுற்றிக்கொண்டு போனாலும் 1,000 கிலோமீட்டர் வராது. அதே போரிலிருந்து கிளம்பிய டயோமிடிஸ் நான்காம் நாளே ஆர்கோஸ் கரையில் கப்பலை நிறுத்திவிட்டான் என்று மூன்றாம் படலத்தில் நெஸ்டர் கிழவர் சொல்கிறார். ஒடிஸ்யூஸின் பத்து வருடத்தில் ஏழு, கலிப்சோ என்ற தேவதையின் தீவில் கழிந்தவை. ஒன்று, அந்தச் சூனியக்காரி சிர்சியின் வீட்டில். கடலில் மிதந்த காலம் கொஞ்சம்தான். மாலியா முனையில் வடகாற்று அடித்துக்கொண்டு போனதோடு நாம் அறிந்த வரைபடமும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் இடங்களை சிசிலி, மால்டா, துனிசியா என்று அடையாளம் காட்ட எல்லாக் காலத்திலும் ஆட்கள் உண்டு. பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரடோஸ்தனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அவர்களைக் கிண்டலடித்துவிட்டார்: அந்தக் காற்றுப் பையைத் தைத்த தோல் தொழிலாளியைக் கண்டுபிடியுங்கள், ஒடிஸ்யூஸ் அலைந்த இடங்களையும் கண்டுபிடித்துவிடலாம் என்று. நான் எரடோஸ்தனிஸ் கட்சி.

மகளின் கேள்விக்கு வருகிறேன். காவியத்தின் முதல் சில வரிகளிலேயே ஹோமர் ஒரு பதிலை வைத்துவிடுகிறார். ஒடிஸ்யூஸ் தோழர்களைக் காப்பாற்றத் துடித்தான், முடியவில்லை. அந்த மூடர்கள் சூரிய தேவனின் மாடுகளைத் தின்று தாங்களே அழிந்தார்கள் என்கிறார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்த்தால் உதைக்கிறது. ட்ராயிலிருந்து கிளம்பியவை பன்னிரண்டு கப்பல்கள். மாட்டைத் தின்றது கடைசியாக மிஞ்சிய ஒரு கப்பலின் ஆட்கள். மற்ற பதினொரு கப்பல்களில் இருந்தவர்கள் எந்த மாட்டையும் தொடவில்லை. அதற்கு வெகுநாள் முன்பே செத்துவிட்டார்கள்.

அவர்கள் செத்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். பத்தாம் படலம், லேஸ்ட்ரிகோனியர் என்ற அரக்கர்களின் துறைமுகம். இருபக்கமும் செங்குத்துப் பாறை, குறுகிய வாய், உள்ளே அலையே கிடையாது. பதினொரு கப்பல்களும் உள்ளே போய் நெருக்கி நெருக்கிக் கட்டிக்கொள்கின்றன. ஒடிஸ்யூஸ் தன் கப்பலை மட்டும் வெளியே, முனையில் ஒரு பாறையோடு சேர்த்துக் கட்டுகிறான். ஏன் என்று சொல்வதில்லை. அரக்கர்கள் மேலிருந்து பாறைகளை உருட்டிக் கப்பல்களை நொறுக்குகிறார்கள், ஆட்களை மீன் குத்துவது மாதிரிக் குத்தி எடுத்துப் போகிறார்கள். இவன் வாளை உருவித் தன் கயிற்றை வெட்டிவிட்டு, துடுப்பைப் போடுங்கள் என்று கத்துகிறான். தப்பித்தது அந்த ஒரு கப்பல். உள்ளே போகாதீர்கள் என்று மற்றவர்களிடம் சொன்னானா? அப்படி ஒரு வரி இல்லை.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரையிலான படலங்கள், அதாவது உங்கள் மகளுக்குப் பிடித்த அத்தனை அரக்கர்களும், அல்கினவுஸ் மன்னனின் விருந்தில் ஒடிஸ்யூஸே சொல்லும் கதை. ஊருக்குப் போக அவனுக்கு அந்த மன்னனின் கப்பல் தேவை. மறுத்துப் பேச ஒரு மாலுமிகூட உயிரோடு இல்லை. ஆளோ பொய் சொல்வதில் மன்னன்: பின்னால் அதீனா தேவியிடமே கட்டுக்கதை விடுகிறான், பெற்ற தகப்பனிடமும் விடுகிறான். இரண்டு பெரிய விபத்துகளின்போது அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்பதும் கவனிக்க வேண்டியது. இத்தாக்காவில் தீ மூட்டுபவர்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் காற்றுப் பை அவிழ்க்கப்பட்டபோது தூக்கம். சூரியனின் தீவில் மாட்டை அறுத்தபோதும் தூக்கம். சாமி கும்பிடத்தான் போனேன், தேவர்கள் தூக்கத்தை ஊற்றிவிட்டார்கள் என்கிறான்.

அதற்காக முழுக்கப் புளுகு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் வாசிப்புகள் எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகவே படுகின்றன. ஒற்றைக்கண் அரக்கனைக் குருடாக்கியதால்தான் அவன் தகப்பன், கடல் தேவன் போசைடனுக்குக் கோபம் என்று முதல் படலத்தில் தேவர்களின் அரசன் ஜீயஸே சொல்கிறார். தன்னைக் குற்றம் சாட்டிய குரலையும் ஒடிஸ்யூஸ் மறைக்கவில்லை. சிர்சியின் வீட்டுக்குப் போக மறுத்த தோழன் யூரிலோகஸ், அரக்கன் குகையில் நம்மவர்கள் செத்தது இவனுடைய துணிச்சலால்தான் என்று எல்லார் முன்னிலும் சொல்கிறான். அவன் நெருங்கிய உறவுக்காரன்தான், ஆனாலும் தலையைச் சீவிவிடலாமா என்று யோசித்தேன் என்று ஒடிஸ்யூஸே விருந்தில் ஒப்புக்கொள்கிறான். யூரிலோகஸ் சொன்னது தவறும் அல்ல. குகையில் இருந்த பாலாடைக் கட்டியையும் ஆட்டுக்குட்டிகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தோழர்கள் கெஞ்சினார்கள். விருந்தினன் என்று பரிசு ஏதாவது கிடைக்குமா பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தது இவன்தான். ஆறு பேர் போனார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருவனுக்குக் காவியத்தில் அப்பா உண்டு. சுருக்கப் பதிப்புகளில் இந்த இடம் பெரும்பாலும் இருக்காது. இரண்டாம் படலத்தில் ஒடிஸ்யூஸின் மகன் டெலிமாக்கஸ் ஊர்ச் சபையைக் கூட்டுகிறான். அவன் அப்பா கப்பலேறிய பிறகு கூடும் முதல் சபை. முதலில் எழுந்து பேசுபவர் ஈஜிப்டியஸ், கூன் விழுந்த கிழவர். நான்கு பிள்ளைகள். இரண்டு பேர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவன் ஒடிஸ்யூஸின் மனைவி பெனலோப்பியை மணக்க வந்து அரண்மனையில் தின்று தீர்க்கும் கூட்டத்தில் இருக்கிறான். இன்னொருவன் ஆன்டிஃபஸ், ஒடிஸ்யூஸோடு போனவன். அரக்கன் கடைசியாகத் தின்றது அவனைத்தான் என்று ஹோமர் தன் குரலிலேயே நம்மிடம் சொல்லிவிடுகிறார். கிழவருக்குத் தெரியாது. அவனை நினைத்து அழுதபடி, சபையைக் கூட்டியது யார், படை திரும்புவதாக ஏதாவது சேதி வந்திருக்கிறதா என்று கேட்கிறார். இருபத்திரண்டாம் படலத்தில் ஒடிஸ்யூஸ் வில்லை எடுத்து அந்தக் கூட்டத்தைக் கொல்லும்போது அரண்மனையில் இருக்கும் மகனும் போகிறான். அந்தக் கிழவரின் பெயர் பிறகு வருவதில்லை.

உங்கள் மகள் கேட்டதை இத்தாக்காவில் வாய்விட்டுக் கேட்பவர் இன்னொரு தகப்பன், யூபிதிஸ். ஒடிஸ்யூஸின் அம்பு முதலில் கொன்றது அவருடைய மகன் ஆன்டினவுஸை. அந்த மகன் லேசுப்பட்டவன் அல்ல, டெலிமாக்கஸைக் கடலில் மடக்கிக் கொல்லத் திட்டம் போட்டவன். இருபத்துநான்காம் படலத்தில் யூபிதிஸ் ஊரைக் கூட்டி அழுதுகொண்டே சொல்வதன் சாரம் இது: நல்ல ஆட்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனான், கப்பல்களையும் தொலைத்தான், ஆட்களையும் தொலைத்தான், இப்போது திரும்பி வந்து மிச்சமிருந்தவர்களையும் கொன்றுவிட்டான். எதிர்த்துப் பேச இரண்டு பேர் எழுகிறார்கள். ஒருவர், தெய்வம் அவன் பக்கம் நின்றதைக் கண்ணால் பார்த்தேன் என்கிறார். ஹாலிதெர்சிஸ் என்ற முதியவர், உங்கள் பிள்ளைகளை நீங்கள் அடக்கியிருக்க வேண்டும் என்கிறார். இரண்டும் அரண்மனைக் கொலைகளுக்கான பதில். கப்பல்களைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

ஹோமருக்கு இது தெரியாமல் நடந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. அவருடைய வீரர்கள் பலரும் சொந்த ஆட்களுக்கே ஆபத்தானவர்கள். அகில்லிஸின் கோபம் எத்தனை கிரேக்கர்களைப் பாதாளத்துக்கு அனுப்பியது என்றுதான் அவருடைய இன்னொரு காவியமான இலியட் தொடங்கவே செய்கிறது. ஒடிஸ்யூஸின் சாமர்த்தியம், பிடிவாதம், அழுகை எல்லாவற்றையும் அவர் ஆசையாகப் பாடுகிறார். போனவர்களின் தகப்பன்களுக்கு ஆரம்பத்திலும் முடிவிலும் பேச இடமும் கொடுக்கிறார். யூபிதிஸ் ஆயுதத்தோடு கிளம்பி, ஒடிஸ்யூஸின் அப்பா எறிந்த ஈட்டியில் சாகிறார். இந்த மக்கள் தங்கள் பிள்ளைகளும் சகோதரர்களும் கொல்லப்பட்டதை மறக்கும்படி செய்வோம் என்று ஜீயஸ் ஏற்கெனவே தீர்மானித்தாகிவிட்டது. அதீனா வந்து சண்டையை நிறுத்த, காவியம் முடிகிறது. குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது.

நீங்கள் சொன்ன கதை இத்தாக்காவில் இறங்கியதோடு நிற்கிறது போலிருக்கிறது. அப்படியென்றால் மொத்தம் 24 படலத்தில் பாதியைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். முழு மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்து, இரண்டாம் படலத்தில் ஈஜிப்டியஸ் பேசும் பக்கத்தையும் கடைசிப் படலத்தில் யூபிதிஸ் பேசும் பக்கத்தையும் அவளுக்குப் படித்துக்காட்டுங்கள். அரண்மனைக் கொலைகளை எவ்வளவு சொல்வது என்பதை அப்பாவாக நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், பணிப்பெண்களைத் தூக்கிலிடும் இடம் பெரியவர்களுக்கே கஷ்டம். கேட்டுவிட்டு அவள் என்ன சொல்கிறாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.