ரேஸ் முடிந்து 12 நாள்: ஸ்டூவர்ட் தீர்ப்பை மாற்றித் தருகிறேன் என்பவருக்குப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, கார்ட் (குட்டித் திறந்த ரேஸ் வண்டி) ரேஸில் ஓடுகிறான். 12 நாட்களுக்கு முன் நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில், ஹேர்பின் என்னும் கொண்டை ஊசி வளைவில் உள்பக்கமாக நுழைந்தான். முன்னால் போன பையன் அப்படியே திரும்பிவிட்டான். மோதியதில் அந்தப் பையனின் வண்டி சுழன்று நின்றது. என் மகன்தான் காரணம் என்று ஸ்டூவர்ட்கள் (போட்டியின் நடுவர்கள்) அவன் ஓட்ட நேரத்தில் 10 வினாடி கூட்டியதில் இரண்டாம் இடம் ஆறாம் இடமாகிவிட்டது. சீசன் முழுக்க இவர்கள் இருவருக்கும்தான் போட்டி. நான் 30 வருடமாக ஃபார்முலா ஒன் பார்ப்பவன். இடைவெளி தெரிந்தும் நுழையாதவன் ரேஸரே இல்லை என்று ஃபார்முலா ஒன் சாம்பியன் சென்னா சொன்னதைத்தான் மகனுக்குச் சொல்லி வளர்க்கிறேன். மறுபரிசீலனைக்கு 14 நாள் அவகாசம் உண்டு, 25,000 ரூபாய் கொடுத்தால் தீர்ப்பை மாற்றித் தருகிறேன் என்கிறார் டிராக்கில் பழக்கமான ஒருவர். கொடுக்கலாமா? (கோவையிலிருந்து ஒரு தந்தை)

கொடுக்காதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

அவர் சொல்லும் 14 நாள் பழைய கணக்கு. சர்வதேச மோட்டார் பந்தய விதிகளில் மறுபரிசீலனை கேட்க ஒரு காலத்தில் 14 நாள் இருந்தது உண்மைதான். இப்போது அது 96 மணி நேரம், அதாவது நான்கே நாள். அதைவிட முக்கியமான விஷயம், அந்தக் கதவை உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ நடத்தும் சாம்பியன்ஷிப்களுக்கும் சர்வதேசத் தொடர்களுக்கும்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகன் ஓடிய போட்டியின் விதிப் புத்தகம் அதைத் தனியாக எழுதிக் கொடுத்திருந்தாலொழிய உங்களுக்கு அந்தக் கதவே கிடையாது.

சரி, மேல்முறையீடு? தீர்ப்பு வெளியான ஒரு மணி நேரத்துக்குள், மேல்முறையீடு செய்யப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துக் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம்! 12 நாள் கழித்து எந்தக் கொம்பனாலும் அதைத் திறக்க முடியாது. அது போக, ஓட்டத்தின்போது விதிக்கும் சில தண்டனைகளுக்கு மேல்முறையீடே இல்லை. நேரம் கூட்டும் தண்டனையையும் பல போட்டிகள் அந்தப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கின்றன.

மார்ஷலாகக் கொடி பிடிக்கத் தொடங்கி, பிறகு ஸ்டூவர்ட் அறையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இந்த மாதிரி ஆட்களை நன்றாகத் தெரியும். ஸ்டூவர்ட் நமக்கு வேண்டியவர் என்பார்கள். புகார் மனு, மேல்முறையீடு, மறுபரிசீலனை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவார்கள். பணம் கைமாறிய பிறகு, நிராகரித்துவிட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். புகார் கொடுக்கும் உரிமை போட்டியாளர் உரிமம் வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்டு. உங்கள் மகன் ஒரு டீம் வழியாக ஓடுகிறான் என்றால் பெரும்பாலும் அந்த உரிமம் டீமின் பெயரில் இருக்கும். அப்படியானால் பெற்ற தகப்பனான நீங்கள் கையெழுத்துப் போட்டாலே செல்லாது. வெளியாள் எதை வைத்து மனுப் போடுவார்? இதை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இதே ஆட்கள்தான் அடுத்த வருடம், உங்கள் பையனுக்கு ஐரோப்பாவில் ஃபார்முலா 4 (இளம் ஓட்டுநர்களுக்கான கார் பந்தயம்) சீட் வாங்கித் தருகிறேன் என்று வருவார்கள். நிலத்தை அடமானம் வைத்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். டீம் நேரடியாக உங்கள் பெயருக்கு எழுதித் தரும் ஒப்பந்தம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது.

இவர்கள் பிழைப்பதற்கு நம் அமைப்பும் ஒரு காரணம். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் போட்டிக்குச் சில நாள் முன்னால்தான் வருகிறது. தீர்ப்புத் தாளை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அதில் போட்டிருக்கும் நேரத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது என்று எந்தப் பெற்றோருக்கும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. 14 வயதுப் பையன் அழுதுகொண்டு ஹெல்மெட்டைக் கழற்றி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? இதைப் பல கூட்டங்களில் கேட்டுவிட்டேன்.

தீர்ப்பு மாறவே மாறாதா என்று நினைப்பீர்கள். உலக அளவில் மாறியிருக்கிறது. எப்படிப்பட்ட வழக்கில் மாறுகிறது என்பதைப் பார்த்தால் உங்கள் கையில் இருக்கும் வீடியோ எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கே புரியும். மறுபரிசீலனைக்கு நான்கு தேவை: கொண்டுவரும் சான்று புதிதாக இருக்க வேண்டும், தீர்ப்பு நேரத்தில் அது உங்களுக்குக் கிடைக்காததாக இருக்க வேண்டும், வழக்கோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், தீர்ப்பையே அசைக்கும் கனமும் வேண்டும். 2021 பிரேசில் ஃபார்முலா ஒன் போட்டியில் வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனைப் பாதைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார். ஸ்டூவர்ட்கள் விசாரணையே வேண்டாம் என்றார்கள். பிறகு வெர்ஸ்டாப்பன் காரின் முன்பக்கக் கேமராப் படம் கிடைத்ததும் ஹாமில்டனின் டீமான மெர்சிடிஸ் மறுபரிசீலனை கேட்டது. படம் புதிதுதான், ஆனால் அதற்குக் கனம் போதாது என்று நிராகரித்தார்கள். 2024 ஆஸ்டினில் நோரிஸுக்காக அவருடைய டீமான மெக்லாரன் போனது, அதுவும் நிராகரிப்பு. பழைய தீர்ப்பே தப்பு என்று வாதாடுவது புதிய சான்றாகாது என்பதுதான் அங்கே சாரம். 2025 சாண்ட்வோர்ட்டில் சைன்ஸும் லாசனும் மோதியபோது சைன்ஸுக்கு 10 வினாடியும் 2 பெனால்டி புள்ளியும் (ஓட்டுநர் உரிமத்தில் ஏறும் தண்டனைப் புள்ளி) கிடைத்தன. தீர்ப்பு நேரத்தில் கையில் இல்லாத கேமராப் படங்களோடு சைன்ஸின் டீமான வில்லியம்ஸ் போனது. இந்த முறை ஸ்டூவர்ட்கள் ஒப்புக்கொண்டார்கள். இது ரேஸில் இயல்பாக நேர்ந்த மோதல், பெனால்டி புள்ளிகள் ரத்து என்றார்கள். ஆனால் அந்த 10 வினாடியை அவர் ஓட்டத்திலேயே அனுபவித்து முடித்திருந்தார், அது திரும்ப வரவில்லை. கோடிகளில் புரளும் டீம், வக்கீல்கள், சுற்றிலும் கேமரா எல்லாம் இருந்தும் கைக்கு வந்தது அவ்வளவுதான். நீங்கள் வேலியோரம் நின்று போனில் எடுத்த வீடியோவை அந்தப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி உங்கள் மகன் மேல் தப்பா இல்லையா என்ற கேள்வி. உள்பக்கம் நுழைபவருக்கு வளைவில் இடம் கேட்கும் உரிமை எப்போது வருகிறது என்று ஃபார்முலா ஒன் வழிகாட்டு நெறி எழுதி வைத்திருக்கிறது. வளைவின் உச்சிக்கு (வண்டி உள்விளிம்பை ஒட்டும் இடம்) முன்பும் உச்சியிலும் உங்கள் முன் அச்சு எதிராளியின் பக்கவாட்டுக் கண்ணாடிக்காவது இணையாக வந்திருக்க வேண்டும். கடைசி நொடியில் பாய்ந்திருக்கக் கூடாது, வண்டி கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், பாதைக்குள்ளேயே வளைவை முடிக்கவும் முடிய வேண்டும். கார்ட்டில் கண்ணாடி கிடையாது. எதிராளியின் ஸ்டீயரிங்கை அளவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். உங்கள் முன் சக்கரம் அவனுடைய பின் சக்கரத்தருகில் இருக்கும்போது அவன் திரும்பினால் அவனுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. வீடியோவை நிறுத்தி, அவன் திரும்பத் தொடங்கும் நொடியில் உங்கள் மகனின் முன் சக்கரம் எங்கே என்று பாருங்கள். அவன் வண்டி சுழன்றதால்தான் என் மகனைப் பிடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். விளைவை வைத்துத் தீர்ப்பில்லை. 2021 சில்வர்ஸ்டோனில் வெர்ஸ்டாப்பன் 51 ஜி விசையோடு (புவியீர்ப்பைப் போல் 51 மடங்கு) தடுப்பில் மோதி மருத்துவமனைக்குப் போனார். பெரும்பங்கு தப்பு ஹாமில்டனுடையது என்றவர்கள் கொடுத்தது 10 வினாடி. அவர் அதையும் தாண்டி ஜெயித்தார்.

சாம்பியன் கோபப்படுவதும் கணக்கில்லை. 2012 செபாங்கில் நம் கோவை நரேன் கார்த்திகேயனை ஒரு சுற்று முந்தும்போது அப்போதைய உலகச் சாம்பியன் வெட்டலின் டயர் கிழிந்தது. வெட்டல் வெளியே என்னென்னவோ பேசினார். ஸ்டூவர்ட்கள் நரேனுக்கு 20 வினாடி கூட்டினார்கள். அது அதிகம் என்பது இன்றைக்கும் என் கருத்து. ஆனாலும் வெட்டல் கத்தியதால் அப்படித் தீர்ப்பு வந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

அந்த சென்னா வாசகத்துக்கு வருகிறேன். அதை எப்போது சொன்னார் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். 1989 சுசூகாவில் கடைசிச் சிகேன் வளைவில் (அடுத்தடுத்து இரு பக்கமும் திரும்பும் வளைவு) உள்பக்கம் நுழைந்தார் சென்னா, பட்டத்துக்கு அவரோடு மோதிய பிராஸ்ட் மேலே திரும்பினார், இருவரும் சிக்கிக்கொண்டார்கள். சென்னா வளைவைச் சுற்றாமல் தப்பிப்புப் பாதை வழியாகத் திரும்பி வந்து ஜெயித்தும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார், பட்டம் பிராஸ்டுக்குப் போனது. மெக்லாரன் மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்பு மாறவில்லை, ஒரு லட்சம் டாலர் அபராதமும் சென்னா மேல் விழுந்தது. அடுத்த வருடம் அதே சுசூகா, முதல் வளைவு. சென்னா பிரேக்கே பிடிக்காத மாதிரி போய் பிராஸ்டின் ஃபெராரியில் மோதினார். பட்டம் சென்னாவுக்கு. அதற்காக அவரைக் குடைந்தபோதுதான் அந்த இடைவெளி வாசகம் வந்தது. 1991-ல் பட்டத்தை மறுபடி வென்ற பிறகு, அந்த மோதல் வேண்டுமென்றே செய்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். சென்னாவை நேசிப்பவன்தான் நானும். ஆனால் தான் மனதறிந்து செய்ததை மறைக்க ஒருவர் சொன்ன பதிலை 14 வயதுப் பிள்ளைக்கு ஓட்டும் விதியாகக் கொடுக்காதீர்கள். உங்கள் மகனும் அந்தப் பையனும் அடுத்த மாதம் அதே ஹேர்பினுக்கு வரப்போகிறார்கள்.

அதற்குள் சில வேலைகள். போட்டியாளர் உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் பையனே பேசட்டும், பெரியவர்கள் கத்தும் அறையில் ஸ்டூவர்ட் காதை மூடிக்கொள்வார். மற்ற வண்டிமேல் புகார் இருந்தால் முடிவுகள் ஒட்டிய 30 நிமிடத்துக்குள் எழுத்தில், கட்டணத்தோடு கொடுங்கள். இடித்த வேகத்தில் முன் பம்பர் உள்ளே போயிருந்தால், சர்வதேச கார்ட் போட்டிகளில் யார் தப்பு என்று கேட்காமலேயே 5 வினாடி கூட்டுவார்கள். உங்கள் போட்டியிலும் அப்படியா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 25,000 ரூபாயில் டயர் வாங்குங்கள். மிச்சத்தில் ஒரு நாள் டிராக் எடுத்து, ஹேர்பினில் பிரேக் பிடிக்கும் இடத்தை மட்டும் மகனோடு திரும்பத் திரும்பப் பாருங்கள். முடிந்தால் அந்தப் பையனையும் அவன் அப்பாவையும் அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.