பொதுவான நோக்கு ஒரு தொழிலின் எதிர்காலத்தை மாற்றுமா?

ஒரு தொழிலைச் செய்வோர் அனைவரும் ஒரே நோக்கை ஏற்றால் அதன் எதிர்காலம் மாறுமா என்ற இந்தக் கேள்வியைப் படித்ததும், மதுரைக்காரனான எனக்கு நினைவுக்கு வந்தது கண் மருத்துவம்தான். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது வைத்த குறிக்கோள், தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்பதே.

நோயாளியிடம் பணமில்லை என்பதை அந்தக் குறிக்கோள் ஒரு காரணமாக ஏற்காததால், செலவைக் குறைக்கும் பொறுப்பு மருத்துவர்கள் தலையில் விழுந்தது. அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் அருகருகே இருக்கும். ஒருவருக்குக் கண்புரை நீக்கி முடிக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார், மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டால் போதும். ஆயத்த வேலைகளைப் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்களே பார்க்கிறார்கள். கண்புரையை நீக்கியபின் கண்ணுக்குள் பொருத்தும் உள்விழி லென்சு இறக்குமதியாகி ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992இல் அரவிந்தின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் மதுரையிலேயே அதைத் தயாரிக்கத் தொடங்கியது.

சுவரில் மாட்டிய வாசகத்துக்கு இந்த வலிமை கிடையாது என்பது என் கருத்து. மறுநாள் காலை வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதைப் பொதுவான நோக்கு தீர்மானிக்க வேண்டும். தொழில் இரகசியமாகப் பூட்டி வைத்திருக்கக்கூடிய இந்த முறைகளைப் பிற மருத்துவமனைகளுக்கும் கற்றுக்கொடுக்க, லைக்கோ என்ற தனிப் பயிற்சி நிறுவனத்தையே அவர்கள் நடத்துகிறார்கள்.