கல்யாணத்துக்கு ‘மூங்கில்’ டோர் கிஃப்ட்: கட்டிய முன்பணம் திரும்புமா?

வாசகி கேள்வி: வருகிற தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். 400 பேரை அழைக்கிறோம். வருகிறவர்களுக்குச் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத டோர் கிஃப்ட் கொடுக்க நினைத்தோம். தெரிந்தவர் மூலம் வாட்ஸ்அப்பில் ஒரு சப்ளையர் கிடைத்தார். மூங்கில் டம்ளர், ‘100% மூங்கில்’ கைத்துண்டு, இரண்டையும் போட்டுக் கொடுக்க ஒரு மக்கும் பை, எல்லாம் சேர்த்து ஒரு செட் 6 வெள்ளி. 600 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டேன். என் மகளோ ‘எல்லாம் ஏமாற்று’ என்கிறாள். சப்ளையரைக் கேட்டால் சான்றிதழ் அனுப்புகிறார். மணமக்கள் பெயர் அச்சிடும் ஆர்டர் என்பதால் ரத்து செய்ய முடியாது என்றும் சொல்கிறார். இன்னும் அச்சிடத் தொடங்கவில்லை. என்ன செய்வது? - சுவா சூ காங் வாசகி

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. மீதி 1,800 வெள்ளியை இப்போது கொடுக்காதீர்கள். முன்பணத்தைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு முன்னால், உங்களுக்கு விற்கப்படுவது என்ன என்று பார்த்துவிடலாம்.

இந்த விலையில் வழவழப்பாக, லேசான புள்ளிகளோடு வரும் ‘மூங்கில் டம்ளர்’ பெரும்பாலும் மூங்கில் தூளை மெலமின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பிசினில் கலந்து, சூடான அச்சில் அழுத்தி எடுத்தது. நம் ஹாக்கர் சென்டர் தட்டும் கிண்ணமும் இதே மெலமின்தான். மாதிரிக்கு வந்த டம்ளரை ஒரு வாளித் தண்ணீரில் படுக்கவைத்து அமுக்கிவிட்டுப் பாருங்கள். காய்ந்த மூங்கில் மிதக்கும், இது அடியில் போய் உட்காரும். அடிப்பக்கத்தில் மைக்ரோவேவில் வைக்கக்கூடாது என்ற குறியும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இதில் என் கவலை குப்பையைப் பற்றியது மட்டும் அல்ல. சூடான பானம் ஊற்றினால் இந்தக் கலவையிலிருந்து மெலமினும் ஃபார்மால்டிஹைடும் பானத்தில் இறங்குகின்றன. சாதாரண மெலமினைவிட மூங்கில் தூள் கலந்ததில் இது அதிகம் என்று ஜெர்மனியின் கூட்டரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2020இல் எச்சரித்தது. உணவு படும் பிளாஸ்டிக்கில் மூங்கில் தூள் சேர்க்க அனுமதியே இல்லை என்று சொல்லி, ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இத்தகைய பொருள்களைக் கடைகளிலிருந்து அகற்றும் வேலையில் இறங்கியது. உங்கள் விருந்தினர்கள் அதில் என்ன ஊற்றுவார்கள்? கோப்பியும் தே தாரிக்கும்தானே. வேண்டாம்.

துண்டின் கதை வேறு. மூங்கிலைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்துக் கூழாக்கி, அதை நூலாக இழுத்தால் கிடைப்பது விஸ்கோஸ். எந்த மரக்கூழில் செய்தாலும் அதே விஸ்கோஸ்தான். கார்பன் டைசல்ஃபைடு, அந்த ஆலைகளில் வேலை செய்பவர்களின் நரம்பைப் பாதிக்கிற ரசாயனம். ‘மூங்கில் இயற்கையாகவே கிருமியைக் கொல்லும்’ என்ற விளம்பர வரியும் இந்தக் கரைசலோடு போய்விடுகிறது. விஸ்கோஸை மூங்கில் என்று சொல்லி விற்றதற்காக அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2022இல் வால்மார்ட்டிடம் 30 லட்சம் டாலரும் கோல்ஸ் நிறுவனத்திடம் 25 லட்சம் டாலரும் வசூலித்தது. உங்கள் துண்டு விஸ்கோஸ்கூட இல்லாமல் இருக்கலாம். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேல் வைத்து நெருப்புக் காட்டுங்கள். உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தியோ விஸ்கோஸோ. அந்த இரண்டில் எது என்று இந்தச் சோதனை காட்டாது.

மக்கும் பைக்கு ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். சிங்கப்பூரில் நாம் குப்பைக் குழாயில் போடுவது எரிஉலைக்குப் போகிறது, சாம்பல் செமாகாவ் தீவிலுள்ள குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. 1999இல் திறந்த அந்த இடம் 2035வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கிறார்கள். எங்கும் மண்ணில் கிடந்து மக்காத ஊரில் மக்கும் பைக்குக் கூடுதல் காசு எதற்கு? தேசியச் சுற்றுப்புற வாரியம் 2018இல் வெளியிட்ட ஆய்வும், பிளாஸ்டிக்குக்குப் பதில் மக்கும் பைக்கு மாறுவது இங்கே அதைவிட மேல் என்று சொல்லிவிட முடியாது என்றுதான் சொன்னது.

இனி அந்தச் சான்றிதழ். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இந்த இடைத்தரகர்கள் தொழிற்சாலையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். மொத்த விற்பனைத் தளத்திலிருந்து படத்தை எடுத்து, கூடவே ஒரு பிடிஎஃப் அனுப்புவார்கள். அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். துண்டு தைத்த ஆலை ஒன்று, சான்றிதழ் வாங்கியது வேறொன்று என்று இருக்கும். ஓக்கோடெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும், காலாவதியானதை அனுப்பியிருப்பார்கள். அதன் எண்ணை அந்த அமைப்பின் இணையத்தளத்தில் போட்டால் காசில்லாமல் சரிபார்க்கலாம். அது உண்மையாகவே இருந்தாலும், துணியில் தீங்கான ரசாயனம் இல்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி, மூங்கில் என்பதற்கோ பசுமை என்பதற்கோ அல்ல. அப்புறம் டம்ளர் பெட்டியில் மரமும் டிக் குறியும் சேர்ந்த, பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்தது என்பதற்கான எஃப்எஸ்சி முத்திரை இருக்கும். பெரும்பாலும் அது அந்த அட்டைப்பெட்டியின் காகிதத்துக்கு உரியது. உள்ளே இருக்கும் டம்ளருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இதைக் காட்டி விற்பவருக்கு அது தெரியாது என்று நான் நம்பவில்லை.

பணத்துக்கு வருவோம். பெயர் அச்சிடும் ஆர்டரை ரத்து செய்ய முடியாது என்று அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியில்தான் பலரும் பணத்தை விட்டுவிடுகிறார்கள், அதனால் இதைக் கவனமாகப் படியுங்கள். மனம் மாறிவிட்டது, மகளுக்குப் பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று நீங்கள் சொன்னால் முன்பணத்தைத் திருப்பித்தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. உங்கள் பெயரே போட்டுச் செய்கிற பொருள் என்றால் இன்னும் கஷ்டம். ஆனால் விற்பவர் சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்ப் பொருள் விற்பனைச் சட்டத்தில் இருக்கிறது. மூங்கில் என்று சொல்லி மெலமினைக் கொடுத்தால் அது விவரத்துக்கு ஒத்த பொருள் இல்லை. அதன்மேல் யார் பெயர் அச்சிட்டிருந்தாலும் அந்தக் குறை மறையாது. ஆகவே செய்தி அனுப்பும்போது ‘கேன்சல் பண்ணுங்கள்’ என்று எழுதாதீர்கள். ‘பிடிக்கவில்லை’ என்ற வார்த்தை எங்கும் வரக்கூடாது. ‘நீங்கள் 100% மூங்கில் என்று சொன்னீர்கள், பொருள் அப்படி இல்லை’ என்று மட்டும் எழுதுங்கள். அவர் மூங்கில் என்று எழுதிய பழைய வாட்ஸ்அப் செய்திகளை, தேதி தெரிகிற மாதிரி இன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். அச்சு வேலையை நிறுத்தச் சொல்லியும் எழுத்தில் அனுப்புங்கள்.

அவர் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் உங்களுக்காகப் பேசிப்பார்க்கும், கட்டாயப்படுத்த அதற்கு அதிகாரம் கிடையாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனால் உத்தரவு கிடைக்கும். உங்கள் தொகைக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி, இணையத்திலேயே பதியலாம், வழக்கறிஞர் வேண்டாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவும் ஒரு கல்யாணவீட்டு அம்மாவின் தலையில் ஏன் விழ வேண்டும்? போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் கேட்டு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2023இல் வந்தது. இணையத்தில் விற்கும் பொருள்களின் பசுமை வாசகங்களில் சுமார் 51 விழுக்காடு தெளிவற்றவை என்று அது கண்டது. பாதிக்குப் பாதி! அப்புறமும் டம்ளரை வாளியில் அமுக்கிப் பார்ப்பதும், சான்றிதழ் எண் தேடுவதும், மனு எழுதுவதும் வாங்குகிறவர் வேலை. விற்பவர் முதலில் நிரூபித்துவிட்டு அப்புறம் விற்கட்டும் என்று ஒரு விதி போட இத்தனை தயக்கம் ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை.

டோர் கிஃப்ட்டே வேண்டாமா என்று கேட்பீர்கள். கொடுங்கள், ஆனால் ஆளுக்கொன்று என்பதை வீட்டுக்கொன்று ஆக்குங்கள். 400 பேர் என்றால் 150 குடும்பம் இருக்குமா? அதே பணத்தில் கனமான எவர்சில்வர் கிண்ணம் வாங்கலாம். பெயரும் கல்யாணத் தேதியும் அச்சிடாதீர்கள், அச்சிட்ட பொருளை யாரும் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. துணிப்பை கொடுக்க ஆசை என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பின் 2018 கணக்குப்படி, பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப்பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். நம் வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே எத்தனை பை தொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.

புதிதாக யாரிடம் வாங்கினாலும், பேநவ் மூலம் தனியாள் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் யூஇஎன் என்ற பதிவு எண்ணைக் கேளுங்கள், நிறுவனங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண்ணுக்கே அனுப்புங்கள். பொருள் எதனால் ஆனது என்பதை ரசீதிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.