அந்த 3 போட்டது யாரு?

கடிதம்:

அக்கா, வணக்கம். பேர் போட வேண்டாம். எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணில முதுகலை) கடைசி வருஷம் படிக்கிறேன். ‘கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணுங்க வேலைக்குப் போகலாம்’ங்கறதுக்கு 120 பேர்கிட்ட சர்வே எடுத்தேன், 1 போட்டா கொஞ்சமும் ஒத்துக்கல, 5 போட்டா முழுசா ஒத்துக்கறாங்க. சராசரி, அதான் மீன் (mean), 3.0 வந்திருக்கு. ‘மக்களின் மனப்பான்மை நடுநிலை’ன்னு எழுதுன்னு கைடு சொல்றாங்க, ஃப்ரெண்டு மீடியன்தான் (எல்லா பதிலையும் வரிசையா அடுக்கினா நடுவுல வர்றது) போடணும்ங்கறா. எது சரி? வயசு, தொழிலுக்கெல்லாம் பை சார்ட் போதுமா? டேபிள் இணைச்சிருக்கேன்.

பதில்:

தங்கச்சி,

பை சார்ட்டோ பார் சார்ட்டோ எதையாவது போடு, அதுல நேரத்தை விடாத. மீனா மீடியனாங்கற சண்டையும் உனக்கு வேண்டாம். லைக்கர்ட்ங்கற அமெரிக்க உளவியலாளர் இந்த 1லேர்ந்து 5 ஸ்கேலை 1932லயே எழுதிட்டாரு, சண்டை இன்னும் ஓடுது. உன் டேட்டால மீடியன் எடுத்தாலும் அதே 3தான் வருது, போட்டுப் பாத்தியா?

நீ அனுப்பின டேபிளை நீயே படிச்சியான்னுதான் எனக்குக் கோவம். 1 போட்டவங்க 52 பேரு. 5 போட்டவங்களும் 52 பேரு. 2ம் 4ம் ஆறாறு பேரு. நடுவுல 3 போட்டது வெறும் 4 பேரு! அந்த நாலு பேரோட பதிலை எடுத்து 120 பேர் தலைலயும் கட்டி ‘நடுநிலை’ன்னு எழுதப் போறியாம்மா? பதில்கள் சராசரிலேர்ந்து எவ்வளவு சிதறியிருக்குன்னு காட்டற ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 1.9ன்னு பக்கத்துலயே போட்டிருக்க, 1லேர்ந்து 5 வரைக்கும் போற ஸ்கேல்ல அது 2ஐ ஒட்டித்தான் நின்னுடும், அதுக்கு மேல போக வழியே இல்ல, அப்படின்னா ஊரு ரெண்டா உடைஞ்சு நிக்குதுன்னு அந்த நம்பர் சொல்லுது, நீ அதை டைப் பண்ணிட்டு அடுத்த வரிக்குப் போயிட்ட.

அந்த 52 யாரு, இந்த 52 யாரு? ஆண், பெண், வயசு, படிப்பு எல்லாம் ஒரு டேபிள்ல தனியா கெடக்கு, மனப்பான்மை அஞ்சு பக்கம் தள்ளி இன்னொரு டேபிள்ல கெடக்கு, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்கவே இல்ல. ரெண்டையும் ஒரே டேபிள்ல குறுக்கும் நெடுக்குமா வச்சு எண்ற கிராஸ் டேப் போட பத்து நிமிஷம் ஆகுமா? மாமியார் வயசுல இருக்கறவங்க எத்தனை பேர் 1 போட்டாங்க, வேலைக்குப் போற பொண்ணுங்க எத்தனை பேர் 5 போட்டாங்கன்னு தெரிஞ்சாதானே நீ அத்தனை வீடு ஏறி இறங்கினதுக்கு அர்த்தம். சதவீதம் போடும்போது எத்தனை பேர்ல இத்தனைன்னு மேலயே எழுதிடு. ஜனங்க ஒரு நாளை எதுக்கெல்லாம் செலவு பண்றாங்கன்னு இந்திய அரசு எடுத்த 2019 டைம் யூஸ் சர்வேல வீட்டு வேலைக்கு ஆம்பளைங்க ஒரு நாளைக்கு 97 நிமிஷம்னு ஒரு கணக்கு இருக்கு, அது வீட்டு வேலை செய்யற ஆம்பளைங்களை மட்டும் வச்சு எடுத்தது, அப்படிச் செய்யறவங்க நூத்துக்கு 26 பேருதான், எல்லா ஆம்பளைங்களையும் சேத்து வகுத்தா 25 நிமிஷம். பொம்பளைங்களுக்கு இதே ரெண்டு கணக்கும் 299, 243. எதை எதால வகுத்தோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

தொழில் டேபிள்ல ‘இல்லத்தரசி 41’ன்னு பாத்ததும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. 22 வயசுல நானும் ஒரு சர்வேக்காக கடையம் பக்கத்துல ஒரு கிராமத்துக்குப் போயிருக்கேன். திண்ணைல வீட்டுக்காரர் உக்காந்திருந்தாரு, உள்ள அந்த அக்கா மடில சொளகு வச்சு பீடி சுத்திட்டு இருந்தாங்க, இலைல தூளை வச்சு உருட்டி நூலைச் சுத்துற அந்த வேகம் கண்ணால பிடிக்க முடியாது. தொழில் என்னன்னு கேட்டதுக்கு திண்ணைலேர்ந்து பதில் வந்துச்சு, “அவ சும்மா வீட்லதாம்மா இருக்கா.” நான் இல்லத்தரசின்னு எழுதிட்டேன், கண்ணு முன்னாடி கட்டுக் கட்டா பீடி அடுக்கியிருக்கு, எழுதிட்டேன். அப்புறம் ‘பொண்ணு சம்பாதிக்கிற காசை அவளே செலவு பண்ணலாம், ஒத்துக்கறீங்களா’ன்னு கேட்டேன். அதுவரைக்கும் நிக்காத கை நின்னுச்சு. நூல் விரல்ல பாதி சுத்தினபடியே இருக்கு, நிலைப்படில நின்ன மாமியாரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லாம மறுபடி சுத்த ஆரம்பிச்சுட்டாங்க. நான் 3ல டிக் அடிச்சேன். அவங்க நடுநிலைன்னு சொல்லவே இல்லம்மா, சொல்ல முடியலை. அதை எழுத என் ஃபார்ம்ல கட்டமும் இல்ல, ஓரத்துல எழுதி வைக்கணும்னு எனக்குத் தோணவும் இல்ல, இத்தனை வருஷமா உறுத்துது.

தேசிய குடும்ப நல ஆய்வுல குடும்ப வன்முறை பத்தின கேள்விகளை ஒரு வீட்ல ஒரே ஒரு பொண்ணுகிட்டதான் கேப்பாங்க, அதுவும் தனியா பேச இடம் கிடைச்சாத்தான், இல்லன்னா அந்தப் பகுதியையே விட்டுடணும். அது அவங்களுக்கு விதி. எங்களுக்கு யாரும் சொல்லித்தரல, உனக்கும் சொல்லியிருக்க மாட்டாங்க.

கைடுகிட்ட மெதுவா பேசு, 52, 4, 52ன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினா அவங்களுக்கே புரியும். அதுக்கு முன்னாடி அந்த நாலு ஃபார்மையும் தேடி எடு. நாலுல எத்தனை பேர் இல்லத்தரசின்னு பாரு, நீ கேக்கும்போது பக்கத்துல யார் நின்னாங்கன்னு ஞாபகம் இருந்தா எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா