‘நான் சொல்லாத கணக்கு அவர்களுக்கு எப்படித் தெரிந்தது?’ – ஏஐஎஸ் பற்றி வாசகர் கேள்விகள்

2025 ஜூன் பிறந்ததிலிருந்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் கையில் ஏஐஎஸ் பிரின்ட் அவுட்டோடுதான் படியேறினார்கள். சிலருக்கு அதைப் பார்த்தாலே பயம். சிலர் அதில் உள்ளதை அப்படியே போட்டு முடித்துவிடுங்கள் என்கிறார்கள். ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கை 2021 நவம்பரில் வந்தது. வங்கி, தபால் நிலையம், சார்பதிவாளர் அலுவலகம், மியூச்சுவல் ஃபண்ட் பதிவாளர், வேலை கொடுத்தவர் என்று ஆளாளுக்கு உங்கள் பான் எண்ணைப் போட்டு வரித்துறைக்கு எழுதி அனுப்பியதை ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். உங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கணக்கு அது. உங்கள் கணக்கை நீங்கள்தான் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் உங்களிடம் காரணமும் காகிதமும் இருந்தால் போதும்.

கீழே உள்ள பதில்கள், கடைசிக் கேள்வி தவிர, எல்லாம் 2024-25 நிதி ஆண்டுக்கானவை. தணிக்கை தேவைப்படாதவர்களுக்குக் கடைசி நாளை 2025 ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளி வைத்தார்கள்.

வயது 74. ஓய்வூதியம் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய். வங்கியில் 15எச் படிவம் கொடுத்துவிட்டேன், வரி எதுவும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஏஐஎஸ்-இல் டெபாசிட் வட்டி 2,35,000 ரூபாய் என்று இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. என் பாஸ்புக்கில் அவ்வளவு வட்டி வரவே இல்லையே?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, காட்பாடி

டீச்சர், உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

15எச் என்பது ‘என் வருமானத்துக்கு வரி வராது, அதனால் பிடிக்காதீர்கள்’ என்று வங்கிக்குக் கொடுக்கும் உறுதிமொழி. அதைக் கொடுத்தால் வட்டி மறைந்துவிடாது. ‘இவ்வளவு வட்டி கொடுத்தோம், வரி பிடித்தது பூஜ்யம்’ என்று வங்கி எழுதி அனுப்பும். அதுதான் நீங்கள் பார்த்த முதல் பதிவு. இரண்டாவது பதிவு, வங்கிகள் ஆண்டுதோறும் தனியாக அனுப்பும் வட்டிப் பட்டியலிலிருந்து வருகிறது. பணம் ஒன்றுதான், சொன்ன வழி இரண்டு. ஏஐஎஸ் பக்கத்திலேயே டிஐஎஸ் என்று ஒரு சுருக்க அறிக்கை இருக்கும். பெரும்பாலும் அதில் ஒன்றைக் கழித்திருப்பார்கள். கழிக்கவில்லை என்றால், ‘இந்தத் தகவல் வேறொரு தகவலில் ஏற்கெனவே அடங்கியுள்ளது’ என்ற பதிலைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

பாஸ்புக்கில் வராததற்குக் காரணம், உங்கள் டெபாசிட் முதிர்வில் மொத்தமாகத் தரும் வகையாக இருக்கும். கையில் வராவிட்டாலும் வருடா வருடம் சேர்ந்த வட்டியை வங்கி கணக்கில் காட்டும். நீங்களும் வருடா வருடம் காட்டிவிடுவதுதான் நல்லது. முதிரும் ஆண்டில் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், ஐந்து வருட வட்டி ஒரே வருடத்தில் தலையில் விழும்.

வரி? ஓய்வூதியமும் வட்டியும் சேர்த்து 7,15,000. புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போனால் 6,40,000. 7 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். நீங்கள் 15எச் கொடுத்ததும் சரிதான். ரிட்டர்னில் வட்டியைக் காட்டாமல் விட்டிருந்தால்தான் தப்பு.

அப்பா பெயரில் சத்துவாச்சாரியில் இருந்த வீட்டை 2024 நவம்பரில் 48 லட்சத்துக்கு விற்றோம். அப்பா 1998-லேயே தவறிவிட்டார். நாங்கள் மூன்று பேர். மூன்று பேர் ஏஐஎஸ்-இலும் தலைக்கு 48 லட்சம் என்று நிற்கிறது. ஒரு தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான்.
– தனியார் நிறுவன ஊழியர், வேலூர்

இந்த ஆண்டு எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். 30 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்துப் பரிமாற்றத்தை சார்பதிவாளர் அலுவலகம் வரித்துறைக்குச் சொல்ல வேண்டும். பத்திரத்தில் மூன்று பேர் கையெழுத்து இருந்தால், பங்கு பிரிக்காமல் முழுத்தொகையையும் மூன்று பான் எண்ணுக்கும் ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பயப்பட வேண்டாம். மூன்று பேரும் தனித்தனியாக அவரவர் ஏஐஎஸ் பக்கத்துக்குள் போய், ‘தகவல் முழுவதும் சரியல்ல’ என்பதைத் தேர்ந்தெடுத்து 16 லட்சம் என்று திருத்துங்கள். பத்திர நகலையும் வாரிசுச் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து லாபக் கணக்கு. பலர் இதில்தான் பணத்தை விடுகிறார்கள். அப்பா என்ன விலைக்கு வாங்கினாரோ அதுதான் உங்களுக்கும் அடக்க விலை. 2001-க்கு முன்பு வாங்கிய சொத்து என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அது 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 23 முதல் விற்ற சொத்துக்கு 12.5 சதவீதம் வரி, பணவீக்கக் குறியீடு கிடையாது. 40 லட்சம் லாபத்துக்கு 5 லட்சம் வரி. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கைக்கு வந்த நிலம், வீடு என்றால், பழைய கணக்குப்படி குறியீடு போட்டு 20 சதவீதமும் பார்க்கலாம். எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 2024-25-க்கான குறியீடு 363, அடிப்படை 100. 8 லட்சம் 29,04,000 ஆகிறது. லாபம் 18,96,000, வரி 3,79,200. மூன்று பேருமே இந்தியாவில் வசிப்பவர்கள் என்றால் சேர்த்து 1,20,800 ரூபாய் மிச்சம். செஸ் தனி.

உங்கள் சிங்கப்பூர் தம்பிக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அது இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுபவர்களுக்கு மட்டும். அவர் பங்குக்கு 12.5 சதவீதம்தான். இன்னொன்று: 50 லட்சத்துக்குக் குறைவாக விற்றால் வாங்கியவர் வரி பிடிக்க வேண்டாம் என்பது உள்ளூர்க்காரர் பங்குக்குத்தான். வெளிநாட்டில் வசிப்பவர் பங்குக்குத் தொகை எவ்வளவானாலும் பிடித்திருக்க வேண்டும். வாங்கியவருக்கு இது தெரிந்திருக்காது. விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், பிற்பாடு அவர் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் போகும்.

மகன் கல்யாணத்துக்கு வந்த மொய்ப் பணம் 11.5 லட்சத்தை என் சேமிப்புக் கணக்கில் கட்டினேன். அது ஏஐஎஸ்-இல் வந்துவிட்டது. மொய்க்கும் வரியா?
– ஜவுளி வியாபாரி, குடியாத்தம்

ஓர் ஆண்டில் சேமிப்புக் கணக்குகளில் 10 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கட்டினால் வங்கி சொல்லியாக வேண்டும். சொல்லியிருக்கிறார்கள். டெபாசிட் வந்திருப்பதால் மட்டும் அது வருமானம் ஆகிவிடாது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் ஒரு தவறு செய்திருக்கிறீர்கள். கல்யாணத்தில் வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது மணமகனுக்கும் மணமகளுக்கும்தான். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இல்லை. உங்களுக்கு வந்ததாகக் கணக்கு வைத்தால், சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர் கொடுத்ததற்கு வரி இல்லை. மற்றவர்கள் கொடுத்தது எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 50,000-ஐத் தாண்டினால் முழுவதற்கும் வரி. உங்கள் கடை வாடிக்கையாளர், பக்கத்துக் கடைக்காரர், பால்ய நண்பர் எல்லாம் ‘மற்றவர்கள்’தான். மகன் கணக்கில் கட்டியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

இப்போது என்ன செய்வது? மொய் நோட்டு இருக்கிறதா? யார் எழுதியது, எந்த ஊர், எவ்வளவு என்று நம் ஊரில் எப்படியும் எழுதி வைப்பார்களே. மணமக்களுக்கு வந்த மொய் இது என்பதற்கு அந்த நோட்டும் அழைப்பிதழும் மண்டப ரசீதும்தான் ஆதாரம். பணத்தை மகன் கணக்குக்கு வங்கி வழியாக மாற்றி, உண்மையில் அவருக்கு வந்தது என்பதை நடத்தையில் காட்டுங்கள். கடைக் கல்லாப் பணத்தையும் இதோடு சேர்த்துக் கட்டியிருந்தால், அதை மொய் என்று சொல்லாதீர்கள். நோட்டைக் கூட்டிப் பார்க்க அதிகாரிக்கு அரை மணி நேரம் போதும்.

ஆம்பூரில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறேன். ஏஐஎஸ்-இல் கம்பெனி கொடுத்தது 38 லட்சம், ஜிஎஸ்டி விற்றுமுதல் 40 லட்சம் என்று இருக்கிறது. 78 லட்சமா காட்டுவது?

ஐயோ, கூட்டாதீர்கள். இரண்டும் ஒரே வேலைக்கான பணம். ஒன்று கம்பெனி வரி பிடித்து எழுதியது, மற்றது நீங்களே ஜிஎஸ்டியில் எழுதியது. 2 லட்சம் வித்தியாசம் பெரும்பாலும் மார்ச் கடைசியில் நீங்கள் போட்ட பில்லை அவர்கள் ஏப்ரலில் கணக்கில் ஏற்றியதால் வரும். பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுதான் காரணம் என்றால் 40 லட்சத்தைக் காட்டுங்கள். சிறு தொழிலுக்கான உத்தேச லாப முறையான 44ஏடி-யில் போகிறீர்கள் என்றால் வங்கி வழியாக வந்த தொகையில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதம் லாபம். பிடித்த வரியை (டிடிஎஸ்) திரும்பக் கேட்கும்போது மட்டும், அந்த விவரம் இருக்கும் 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்கள். டிடிஎஸ் தொகை ஏஐஎஸ்-இல் ஒன்றும் 26ஏஎஸ்-இல் ஒன்றுமாக இருந்தால் 26ஏஎஸ்-ஐத்தான் நம்ப வேண்டும்.

சிஎம்சி பக்கத்துத் தெருவில் எங்கள் மாடியில் நான்கு அறைகள். வைத்தியத்துக்கு வரும் வங்காளம், ஜார்கண்ட் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். எல்லாம் ரொக்கம். ஏஐஎஸ்-இல் ஒன்றும் இல்லை. அப்படியானால் காட்ட வேண்டாம்தானே?

காட்ட வேண்டும். ஏஐஎஸ்-இல் இல்லை என்றால் யாரும் எழுதி அனுப்பவில்லை என்றுதான் பொருள். உங்கள் வருமானம் முழுவதும் அதில் இருக்கும் என்று துறையே சொல்லவில்லை.

மாத வாடகைக்கு விட்டால் வீட்டுச் சொத்து வருமானம். நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் பராமரிப்புக்காக எந்த ரசீதும் இல்லாமல் கழித்துக்கொள்ளலாம். நாள் வாடகை, கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம், துடைக்க ஆள் என்று லாட்ஜ் மாதிரி நடத்தினால் அது தொழில் வருமானம், கணக்கு வேறு. உங்கள் தெருவில் இரண்டும் உண்டு என்று எனக்குத் தெரியும். எது உங்களுடையது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு ராணுவக் குடும்ப ஓய்வூதியம், ஆண்டுக்கு 3,84,000. ஏஐஎஸ்-இல் சம்பளம் என்று காட்டுகிறது.
– கம்மவான்பேட்டை

வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போன ஊர், இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். குடும்ப ஓய்வூதியம் சம்பளம் அல்ல, ‘இதர வருமானம்’. அதனால் 75,000 நிலைக்கழிவு கிடையாது. புதிய முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, எது குறைவோ அது கழியும். மீதி 3,59,000. வரி பூஜ்யம். ஆனால் 3 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் போட வேண்டும்.

உங்கள் தந்தை பணிக்களத்தில், போர் நடவடிக்கையில் உயிர் நீத்தவர் என்றால் கதை வேறு. அந்தக் குடும்ப ஓய்வூதியத்துக்கு முழு வரிவிலக்கு. ‘வருமானம் வரிக்குட்பட்டதல்ல’ என்ற பதிலை ஏஐஎஸ்-இல் கொடுத்துவிடுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 10,000 போடுகிறேன். 1,20,000 வாங்கியதாகவும் 2,10,000 விற்றதாகவும் வந்திருக்கிறது. வாங்கிய விலை காலியாக இருக்கிறது.
– செவிலியர், வேலூர்

வாங்கியது வருமானம் அல்ல, விட்டுவிடுங்கள். விற்ற 2,10,000-மும் லாபம் அல்ல. வாங்கிய விலை காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபண்ட் பதிவாளர்களான கேம்ஸ், கேஃபின் தளங்களில் மூலதன ஆதாய அறிக்கை இலவசமாகக் கிடைக்கும், அதை எடுங்கள். ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தாலும் அது விற்பனைதான், பணம் கைக்கு வராவிட்டாலும். பங்குசார் ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்து விற்ற லாபம் 1.25 லட்சம் வரை வரி இல்லை. 2024-25-க்கு அந்த அளவுக்குள் இருந்தால் ஐடிஆர்-1 படிவத்திலேயே காட்டலாம்.

சில கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஏஐஎஸ் பிடிஎஃப் கடவுச்சொல் கேட்பவர்களுக்கு: பான் எண் சின்ன எழுத்தில், அதை ஒட்டி பிறந்த தேதி எட்டு இலக்கத்தில், இடைவெளி இல்லாமல்.

முந்திக்கொண்டு தாக்கல் செய்துவிட்டு இப்போது புதிய பதிவுகளைப் பார்த்து அதிர்ந்த வாலாஜாப்பேட்டை அன்பருக்கு: வங்கிகள் அனுப்பக் கெடு மே 31. அதற்கு முன் ஏஐஎஸ் அரைகுறைதான். 2024-25-க்கு 2025 டிசம்பர் 31 வரை திருத்திய ரிட்டர்ன் போட அவகாசம் இருந்தது.

திருத்தம் அனுப்பி ஒரு மாதமாகியும் பழைய தொகையே நிற்கிறது என்ற ராணிப்பேட்டை வாசகருக்கு: உங்கள் பதில், தகவல் கொடுத்தவரிடம் போகும். அவர் ஒப்புக்கொண்டாரா, மறுத்தாரா என்பதை 2024 மே முதல் ஏஐஎஸ்-இலேயே பார்க்கலாம். அதற்காகக் காத்திருக்காமல் உண்மையான தொகையோடு தாக்கல் செய்யுங்கள்.

2022-23-இல் ஒரு டெபாசிட் வட்டியை மறந்துவிட்டேன். இப்போது எஸ்எம்எஸ் வந்திருக்கிறது.
– அரிசி மண்டி, ஆற்காடு

திருத்திய ரிட்டர்னுக்கான காலம் போய்விட்டது. இனி ஐடிஆர்-யு என்கிற புதுப்பித்த ரிட்டர்ன்தான். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை இப்போது நேரம் கொடுத்திருக்கிறார்கள், உங்களுக்கு 2028 மார்ச் 31 வரை. ஆனால் தள்ளத் தள்ள விலை ஏறும். முதல் 12 மாதம் தாண்டிவிட்டதால், 2026 மார்ச் 31 வரை போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 50 சதவீதம் கூடுதல். அது தாண்டினால் 2027 மார்ச் 31 வரை 60, அதற்கடுத்து 70. அப்படியே அந்த ஆண்டு உங்களுக்கு ரீஃபண்ட் வந்ததா, அதோடு சில நூறு ரூபாய் வட்டியும் வந்ததா என்று பாருங்கள். அந்த வட்டிக்கும் வரி உண்டு. அதையும் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள், ஏஐஎஸ் மறப்பதில்லை.