பக்கவாதமும் மூளை–கணினி இணைப்பும்: கேள்வி பதில்

கேள்வி: பக்கவாதத்தில் மூளையே பழுதாகிவிட்ட பிறகு, கணினி அதிலிருந்து எதைப் படித்தெடுக்கும்?

பதில்: பழுது எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டில் இரத்தக்குழாய் அடைபட்டால், கைகால்களுக்கும் நாவுக்கும் கட்டளை இறங்கும் பாதைதான் அறுபடுகிறது. கட்டளை பிறக்கும் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, பெரும்பாலும் நலமாகவே இருக்கும். நோயாளி கையை நீட்ட முயலும்போது அங்குள்ள நரம்பணுக்கள் முன்போலவே துடிக்கின்றன. எந்தத் துடிப்பு எந்த அசைவுக்குரியது என்பதைக் கணினிக்குப் பழக்குகிறார்கள். அமெரிக்காவின் பிரெயின்கேட் ஆய்வில், பேச்சும் அசைவும் இழந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகியிருந்த 58 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, 96 மின்முனைகள் கொண்ட 4 மில்லிமீட்டர் சதுரச் சில்லை மூளையில் பொருத்தியிருந்தார்கள். 2011 ஏப்ரலில் அவர் இயந்திரக் கையைத் தம் எண்ணத்தால் நகர்த்தி, மேசையிலிருந்த காப்பிக் குப்பியைப் பற்றி, வாயருகே கொண்டுவந்து, உறிஞ்சுகுழலால் குடித்துவிட்டு, மீண்டும் மேசையில் வைத்தார். 6 முயற்சிகளில் 4 கைகூடின. பிறர் உதவியின்றி அவர் ஒரு வாய் பருகியது அத்தனை ஆண்டுகளில் அதுவே முதல் முறை என்பதால், எனக்கு எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அந்த ஒரு வாய்க் காப்பிதான் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. இந்தக் கருவியால் மீண்டும் பேச வைக்க முடியுமா, ஐயா?

பதில்: அம்மாவுக்கு வாயும் நாவும் அசையவில்லையா, அல்லது சொல்லே அகப்படவில்லையா என்பதை முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2023இல் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழு, மூளைத்தண்டுப் பக்கவாதத்தால் குரலிழந்த ஒரு பெண்ணின் புறணிமேல் 253 மின்முனைகளைப் பதித்து, அவர் பேச முயன்ற சொற்களை நிமிடத்துக்கு 78 வரை எழுத்தாக்கியது; அவருடைய திருமணக் காணொளியிலிருந்து அவரது பழைய குரலையும் மீட்டமைத்தது. ஆயினும் ஏறத்தாழ நான்கில் ஒரு சொல் பிழையாகவே வந்தது. மாறாக, இடப்பக்க மூளையின் மொழிப் பகுதி சிதைந்து சொல்லே அகப்படாத அஃபேசியா நிலை என்றால், இன்றுள்ள இத்தகைய கருவிகள் அதற்கென அமைந்தவை அல்ல என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். அவர்களுக்குத் தளராத பேச்சுப் பயிற்சியே வழி.

கேள்வி: அறுவைச் சிகிச்சை இல்லாமல் வழியுண்டா? என் கணவருக்கு ஒரு கை மட்டும் மடங்கி இறுகிவிட்டது.

பதில்: உண்டு, அம்மா. 2021 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இப்சிஹேண்ட் என்னும் கருவிக்கு ஒப்புதல் அளித்தது. தலையில் அணியும் மின்முனைகள் மூளையின் பாதிக்கப்படாத பக்கத்திலிருந்து கையசைக்கும் எண்ணத்தைப் படிக்க, கையில் மாட்டிய கூடு விரல்களை விரித்து மடக்குகிறது. பக்கவாதம் வந்து 6 மாதங்கள் கடந்த, 18 வயது நிரம்பியவர்களுக்கானது. இயன்முறைப் பயிற்சியோடு சேர்த்துச் செய்ய வேண்டியது. அதை நிறுத்திவிட்டுச் செய்வதன்று.

கேள்வி: மூளைக்குள் பொருத்தும் கருவியைப் பணம் கட்டி வாங்க முடியுமா?

பதில்: முடியாது. அவை இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன. மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளிலும் மண்டையோட்டில் பதித்த இணைப்பான் வழியாகவே கம்பி கணினிக்குச் சென்றது. அந்த இடத்தில் கிருமித்தொற்று ஏற்படும் அபாயம் உண்டு. யாரேனும் முன்பணம் கேட்டு விளம்பரம் செய்தால், தயவுசெய்து நகையை அடகு வைத்துவிடாதீர்கள்.